சன்னபட்டணாவில் தீரும் சார்ஜ்

பெங்களூரிலிருந்து மைசூருக்கு வருகிற பாதையில் பிடதி என்றதும் சாப்பாட்டுப் பிரியர்களுக்குத் தட்டு இட்லி ஞாபகம் வரும். கார் பைத்தியங்களுக்கு டொயோட்டா தொழிற்சாலை. 2013-இல் கேம்ரி ஹைபிரிட்டை இங்கே தயாரிக்கத் தொடங்கினார்கள். 2022-இல் ஹைரைடரும், அதன் இரட்டைப் பிறவியான மாருதி கிராண்ட் விட்டாராவும், இன்னோவா ஹைக்ராஸும் வரிசையாக வந்தன. நம் ஊரில் 'ஹைபிரிட்' என்றாலே மைலேஜ் என்று பதிந்துபோனதற்கு இந்த வண்டிகள்தான் காரணம்.

இப்போது அதே பெயரை ஒட்டிக்கொண்டு வேறு ஜாதிக் கார்கள் வருகின்றன: பிஎம்டபிள்யூ எம்5, மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63, போர்ஷே 911 ஜிடிஎஸ், லம்போர்கினி ரெவுவெல்டோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் போனால் ஒன்றிரண்டு கண்ணில் படலாம். டாக்ஸியாக ஓடும் ஹைக்ராஸ் போன்ற ஹைபிரிட்டுக்குச் சொல்லும் நியாயத்தை அப்படியே இவற்றுக்கும் சொல்லும் போதுதான் பாதித் தவறான நம்பிக்கைகள் பிறக்கின்றன. மீதிப் பாதியை விற்பனைப் பிரிவு பார்த்துக்கொள்கிறது.

நம்பிக்கை: ஹைபிரிட் ஆகிவிட்டால் வேகக் காரும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும்.

எம்5-ஐ எடுத்துக்கொள்வோம். 4.4 லிட்டர் வி8 எஞ்சின், ஒரு மின் மோட்டார், இரண்டும் சேர்ந்து 727 குதிரைசக்தி. வீட்டில் பிளக் செருகி சார்ஜ் போட வேண்டிய 18.6 யூனிட் பேட்டரி. கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். அறிமுகமானபோது ஐரோப்பியச் சான்றிதழில் இதற்குக் கொடுத்த எண் 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டருக்கும் குறைவு. நம் கணக்கில் லிட்டருக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்கூட்டரே நாணிப்போகும்.

இந்த எண்ணை யாரும் பொய்யாக அச்சடிக்கவில்லை. ஓட்டுநர் நாள்தோறும் சார்ஜ் போடுவார், பெரும்பாலான தூரம் மின்சாரத்திலேயே போவார் என்ற அனுமானத்தில் சோதனை விதி கணக்குப் போடுகிறது. சார்ஜ் தீர்ந்த பிறகு அதே கார் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பதும் அதே சான்றிதழில் இருக்கிறது, விளம்பரத்தில்தான் இருக்காது. அந்த அனுமானம் மிகத் தாராளமானது என்று புரிந்துகொண்டு ஐரோப்பாவே 2025 முதல் விதியை இறுக்கத் தொடங்கியது.

நம் சாலையில் இது எப்படி முடியும்? முழு சார்ஜுடன் பெங்களூரில் கிளம்புங்கள். மின்சாரத்தில் மட்டும் 69 கிலோமீட்டர் வரை என்பது சோதனைக்கூட எண். எக்ஸ்பிரஸ்வேயில் 100-இல் நிலையாகப் போனால் காற்றின் எதிர்ப்பு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பிடதி தாண்டும், ராமநகரா தாண்டும், சன்னபட்டணாவின் மரப்பொம்மைக் கடைகள் வரும் சமயத்தில் பேட்டரி கிட்டத்தட்டக் காலி. மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று மீதிப் பாதி வழியும் வி8 எஞ்சின், தன் வேலையோடு காலிப் பேட்டரியையும் மோட்டாரையும் சுமந்துகொண்டு வரும்.

டாக்ஸி ஹைபிரிட்டுக்கு மைலேஜ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஊருக்குள் பிரேக் போடும்போதெல்லாம் வீணாகிற சக்தியை அது பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த சிக்னலில் எஞ்சினைத் தூங்கவைத்து அதைச் செலவழிக்கிறது. மைசூரின் சயாஜிராவ் சாலை நெரிசலில் அது ராஜா. எக்ஸ்பிரஸ்வேயில் பிரேக்கே போடாவிட்டால் பிடித்து வைக்க எதுவும் இல்லை. மைலேஜ் மிச்சம் பெரும்பாலும் பிறப்பது பிரேக்கில்தான், நீண்ட நேர்சாலையில் அதற்கு வேலை குறைவு.

நம்பிக்கை: மலையிறங்கினால் பேட்டரி தானாக நிரம்பிவிடும்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எவ்வளவு என்பதைச் சாமுண்டி மலையிலேயே அளந்துவிடலாம். கோயில் இருக்கும் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,060 மீட்டர்; கீழே மைசூர் ஊர் 770 மீட்டர் சுற்றி. வித்தியாசம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரோடு 2,600 கிலோ எடையுள்ள எம்5 கீழே வந்து சேரும்போது, பள்ளிக்கூட இயற்பியல் கணக்கின்படி அதிகபட்சம் 2.1 யூனிட் கிடைக்கலாம். டயர் உராய்வு, காற்று, மோட்டாரின் இழப்பு எல்லாம் போக ஒன்றரை யூனிட் தேறினால் நல்லது. 18.6 யூனிட் தொட்டியில் அது ஒரு மூலை.

போர்ஷே 911 ஜிடிஎஸ்ஸின் பேட்டரி மொத்தமே 1.9 யூனிட். அதே இறக்கம் அதற்கு அரைத் தொட்டியைத் தாராளமாக நிரப்பிவிடும். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வையுங்கள், அடுத்த நம்பிக்கைக்கு உதவும்.

ஹைக்ராஸ் டாக்ஸியில் இந்த மலையிறங்கியவர்களுக்கு வேறொரு அனுபவம் இருக்கும். நந்தி சிலை திருப்பம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே எஞ்சின் திடீரென்று உறுமும். பின் சீட்டில் இருப்பவர் பதறுவார். "ஒண்ணுமில்ல சார், பேட்டரி ஃபுல். இனிமே எஞ்சின்தான் பிடிச்சு நிறுத்தும்" என்பார் டிரைவர். அவர் சொல்வது சரி. அந்தச் சின்னப் பேட்டரி பாதி இறக்கத்திலேயே நிறைந்துவிடுகிறது. மேற்கொண்டு வருகிற சக்தியை வைக்க இடமில்லாததால், பிரேக்கைச் சூடாக்காமல் இருக்க வண்டி தானாகவே எஞ்சினைச் சுழற்றி வேகத்தைப் பிடிக்கிறது. டேஷ்போர்டில் பச்சைக் கோடுகள் நிரம்பியதும் இந்த உறுமல் தொடங்குவதைக் கவனித்திருக்கிறேன். கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை.

நம்பிக்கை: மோட்டார் சேர்ந்தால் கார் இன்னும் வேகமாகும்.

சேரும் எடையைப் பொறுத்தது. புதிய எம்5-இன் எடை 2,435 கிலோ. இதற்கு முந்தைய தலைமுறையைவிட ஏறக்குறைய 500 கிலோ அதிகம். நூறு குதிரைசக்திக்கு மேல் கூட்டியும், 0-விலிருந்து 100-ஐத் தொட நிறுவனமே சொல்லும் நேரம் 3.5 விநாடி. மோட்டார் இல்லாத பழைய எம்5-க்கு அது 3.4 விநாடி! கோடிக்கணக்கில் செலவழித்து, பத்தில் ஒரு விநாடி பின்னால் நிற்கிறோம். இன்னொன்று, இந்த எடையோடு மோட்டாரின் உடனடி இழுவையும் சேர்ந்தால் டயர் தேய்வு கூடத்தான் செய்யும். 'விக்ராந்த்' என்று மைசூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் ஜேகே டயர் தொழிற்சாலை இருக்கிற ஊரில் அதற்கு வருத்தப்பட ஆள் குறைவாக இருக்கலாம்.

சி63-இன் கதை இன்னும் சுவாரசியம். பழைய வி8-ஐத் தூக்கிவிட்டு, 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினையும் பின் அச்சில் ஒரு மோட்டாரையும் வைத்தார்கள். மொத்தம் 680 குதிரைசக்தி. ஷோரூம் பலகையில் பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் மோட்டார் தன் உச்சமான 150 கிலோவாட்டைக் கொடுப்பது 10 விநாடிக்குத்தான். தொடர்ந்து கொடுக்கக்கூடியது 70 கிலோவாட். சாலையில் முந்திச் செல்ல 10 விநாடி தாராளம், யாரும் குறை காணமாட்டார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று காலை எடுக்காமல் ஓட்டப் போகிறவருக்கு அந்த 680 ஒரு விருந்தாளி மாதிரி: வரும், போகும்.

இப்போது 911 ஜிடிஎஸ். 2024 மே மாதத்தில் வந்தது. அதில் பிளக் கிடையாது. கியர்பாக்ஸுக்குள் ஒரு மோட்டார், டர்போவின் அச்சிலேயே இன்னொரு சின்ன மோட்டார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்துக்குக் காத்திருக்காமல், டர்போவை மின்சாரமே சுழற்றிவிடுகிறது. தேவையில்லாத நேரத்தில் அதே புகையிலிருந்து 11 கிலோவாட் வரை திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. கூடிய எடை சுமார் 50 கிலோ. பலன்: ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் 7 நிமிடம் 16.934 விநாடி, முந்தைய ஜிடிஎஸ்ஸைவிட 8.7 விநாடி குறைவு.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகக் காரில் பேட்டரி சிறியதாக இருக்க வேண்டும். நொடிக்கு நொடி நிரம்பி, நொடிக்கு நொடி காலியாக வேண்டும். பெரிய பேட்டரி சுமந்து திரியும் வேகக் கார் பெரும்பாலும் ஓட்டுநருக்காகச் செய்யப்பட்டதில்லை, புகை விதிக்காகச் செய்யப்பட்டது. ஊருக்குள் சத்தமில்லாமல் அலுவலகம் போய்வர விரும்புகிறவருக்கு அது நல்ல கார்தான். அந்த வசதியை வேகத்தின் பெயரில் விற்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

மைசூரிலிருந்து ஊட்டிக்கு மசினகுடி வழியாக ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தகவல். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் மோட்டாரின் குணத்தை நன்றாகக் காட்டும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, எஞ்சின் சுற்று இறங்கி, டர்போ மூச்சுப் பிடிக்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியை மோட்டார் நிரப்புகிறது. உயரமும் ஒரு காரணம். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டரில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ எஞ்சின் பெரிதும் சமாளித்துவிடும். மோட்டாருக்கோ காற்றே வேண்டாம்.

நம்பிக்கை: ஹைபிரிட் வந்தால் சத்தம் செத்துவிடும்.

சி63 விஷயத்தில் இதை மறுக்க மாட்டேன். வி8-இன் அடிவயிற்றுக் குரலுக்காகவே அந்தக் காரை விரும்பியவர்கள் நான்கு சிலிண்டர் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரெவுவெல்டோ இதற்கு நேர்மாறு. 6.5 லிட்டர் வி12, டர்போ கிடையாது, 9,500 சுற்றுவரை கத்தும். வி12 மட்டுமே 825 குதிரைசக்தி. மூன்று மோட்டார்களையும் சேர்த்தால் 1,015. கீழ்ச் சுற்றுகளில் இழுக்கும் பொறுப்பை மோட்டார்கள் எடுத்துக்கொண்டதால்தான், மேல்சுற்றில் பாடுவதற்கென்றே ஒரு எஞ்சினைச் செய்ய முடிந்தது. மோட்டார்கள் இல்லாமல் இன்றைய புகை விதிகளில் அந்த வி12 பிழைத்திருப்பது கடினம். இங்கே சத்தத்தைக் காப்பாற்றியதே பேட்டரிதான், அதுவும் 3.8 யூனிட் பேட்டரி. பாருங்கள், மறுபடியும் சிறியது.

சத்தம் பற்றி மைசூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். யாதவகிரியில் 1960 முதல் 1996 வரை ஜாவாவும் எஸ்டியும் செய்த ஊர் இது. இரட்டைக் குழலிலிருந்து வரும் அந்த டூ-ஸ்ட்ரோக் தாளத்தைத் தெருமுனையில் கேட்டே வண்டி யாருடையது என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் சத்தம் தரும் கார்களைப் பற்றிப் பேசிப் பாருங்கள், மாலை நேரம் நன்றாகப் போகும்.

நம்பிக்கை: ரேஸில் ஓடுகிற தொழில்நுட்பம்தானே, சந்தேகம் எதற்கு?

ரேஸிலும் இது ஒரே நாளில் வெல்லவில்லை. ஃபார்முலா 1-இல் 2009-இல் கெர்ஸ் என்ற பெயரில் நுழைந்தது: ஒரு சுற்றுக்கு 6.67 விநாடி மட்டும் 60 கிலோவாட் கூடுதல். எடையும் தொல்லையும் அதிகம் என்று 2010-இல் அணிகள் பேசிவைத்து ஒதுக்கிவைத்தன. 2011-இல் திரும்பியபோதும் சின்ன அணிகளுக்கு அதற்குக் காசில்லை. நம் நரேன் கார்த்திகேயன் 2011-இலும் 2012-இலும் ஓட்டிய எச்ஆர்டி காரில் கெர்ஸ் கிடையாது. 2011 அக்டோபரில் இந்திய கிராண்ட் பிரியில், நேர்சாலையில் மற்றவர்கள் பொத்தானை அமுக்கிப் போக, அவர் வெறும் எஞ்சினை நம்பி ஓட்டினார். கடைசி வரிசைக் கார் என்று அவரைக் கிண்டல் செய்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததில்லை.

2014-இல் 1.6 லிட்டர் வி6 ஹைபிரிட் கட்டாயமானது. அதில் மோட்டாரின் பங்கு 120 கிலோவாட். 2026 விதிகளில் அது 350 கிலோவாட். லே மான் 24 மணி நேரப் போட்டியை 2012-இல் ஆடியின் ஹைபிரிட் முதல்முறையாக வென்றது, அதற்குப் பிறகு இன்றுவரை ஹைபிரிட் அல்லாத கார் எதுவும் அங்கே ஒட்டுமொத்த வெற்றி பெறவில்லை. 2013 செப்டம்பரில் போர்ஷே 918 ஸ்பைடர் நூர்பர்க்ரிங்கை 6 நிமிடம் 57 விநாடியில் சுற்றி, 7 நிமிடத்துக்குள் வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சேர்க்க வேண்டும். அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப். அதில் மோட்டாரும் இல்லை, டர்போவும் இல்லை. தனி அணிகள் சொந்தக் காசில் ஓட்டும் பந்தயங்களில், விடியற்காலை இரண்டு மணிக்கு பிட் லேனில் நான்கு பேர் சேர்ந்து பழுது பார்க்கக்கூடிய கார்தான் வேண்டும். உயர்மின்னழுத்த பேட்டரியை அப்படித் திறந்து பார்க்க முடியாது.

நம்பிக்கை: தண்ணீரில் இறங்கினால் ஷாக் அடிக்கும்.

2022 ஆகஸ்டில் ராமநகரா அருகே நெடுஞ்சாலையே ஏரியானபோது இந்தப் பயம் வாட்ஸ்அப்பில் நீந்தியது. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடும் உயர்மின்னழுத்தச் சுற்று காரின் உடம்போடு இணைக்கப்படுவதில்லை. கசிவு தெரிந்தால் ரிலே துண்டித்துவிடும். ஆபத்து வேறு இடத்தில். காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் எந்த பெட்ரோல் எஞ்சினையும்போல ஹைபிரிட் எஞ்சினும் உடையும். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். டாப் ஹீரோ மாதிரி உள்ளே ஓட்டிப் போகவும் வேண்டாம்.

நம்பிக்கை: மின்சாரம் இருப்பதால் வரி குறைவு.

முன்பு ஓரளவு இருந்தது. பெரிய பெட்ரோல் எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம், பெரிய ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40. ஏழு சதவீத முன்னிலை ஒரே இரவில் காணாமல் போய்விட்டது. முழு மின் காருக்கு மட்டும் 5 சதவீதம் தொடர்கிறது. கர்நாடக ரோடு டாக்ஸ் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 18 சதவீதம், ஹைபிரிட் என்று சலுகை கிடையாது. 2 கோடி ரூபாய் கார் என்றால் அந்த வரி மட்டுமே 36 லட்சம். இத்தனையும் கட்டி வாங்கிவந்து ஓட்டப்போகும் எக்ஸ்பிரஸ்வேயில் அனுமதி வேகம் 100. 130-ஐத் தாண்டினால் 2024 ஆகஸ்ட் முதல் வழக்கே பதிகிறார்கள்.

நம்பிக்கை: ஐந்து வருடத்தில் பேட்டரி போய்விடும்.

டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறது. 1997-இல் ஜப்பானில் வந்த பிரியஸ் முதல், உலகெங்கும் டாக்ஸிகளில் இந்தத் தொழில்நுட்பம் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தன்னை நிரூபித்திருக்கிறது. அந்த டாக்ஸிப் பேட்டரிகள் பதமாக நடத்தப்படுகின்றன: முழுதாக நிரப்புவதுமில்லை, முழுதாகக் காலியாக்குவதுமில்லை.

வேகக் காரின் பேட்டரிக்கு அந்த வாழ்க்கை இல்லை. ஒருநாள் உச்ச சூட்டில் பிழியப்படும், பிறகு மாதக்கணக்கில் உறை போர்த்தி நிற்கும். பேட்டரிக்கு இரண்டும் கெடுதல். ஃபெராரி தன் ஹைபிரிட் கார்களுக்கு 8-ஆம் ஆண்டிலும் 16-ஆம் ஆண்டிலும் பேட்டரியை மாற்றித் தரும் கட்டண வாரண்டித் திட்டத்தையே வைத்திருக்கிறது என்றால், அந்தப் பேட்டரி கார் இருக்கும்வரை இருக்காது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே பழைய வேக ஹைபிரிட் ஒன்றைப் பார்க்கப் போகிறவர், ஓடோமீட்டரில் 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று மயங்க வேண்டாம். கார் எத்தனை மாதம் சும்மா நின்றது, சார்ஜரில் வைத்திருந்தார்களா, பேட்டரி வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். பழைய இன்னோவா ஹைக்ராஸ் அல்லது கேம்ரி என்றால் வேலை இன்னும் எளிது: பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தில் உள்ள ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தூசியும் முடியுமாக அடைத்துக் கிடந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.